இறந்தோர் வரிசையில் ஒரு பெயர்

எங்கள் கோயிலில் காலைப் பூசை ஐந்தரை மணிக்கு. பூசை தொடங்குவதற்கு முன் அன்றைய பூசைக் கருத்துகளை, அதாவது யார் யாருக்காகப் பூசை என்பதை, மைக்கில் வாசிப்பது பல வருடமாக என் வேலை. முதலில் இறந்தவர்கள், அடுத்து நன்றி, கடைசியில் வேண்டுதல். முந்தின நாள் சாயங்காலம் ஜனங்கள் கொடுத்துவிட்டுப் போகும் துண்டுச் சீட்டுகளைப் பார்த்து ஒரு நோட்டில் மூன்று தலைப்பு போட்டு எழுதிக்கொள்வேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பழைய பங்குச் சாமியார் ஒருமுறை சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்த நோட்டை நான் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை. தலைக்கனம்தான், வேறென்ன.

மறைக்கல்வி வகுப்பும் நான்தான் எடுக்கிறேன். சகுனம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதா கெபியில் ஏற்றிய மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது, என்னவோ நடக்கப்போகிறது என்று அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணிடம், காற்றடித்தால் அணையத்தானே செய்யும், கடவுளா வந்து ஊதினார் என்று கேட்டேன். அவள் அதற்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளை மிரட்டிப் பழகிய வாய், ஓய்வு பெற்ற பிறகு ஊரை மிரட்டிக்கொண்டிருந்தது.

என் தங்கைக்கு ஒரே மகன். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தான். முத்துக் குளிப்பு எங்கள் கடலில் எப்போதோ நின்றுபோனது, சங்கு மட்டும் இன்னும் இருக்கிறது. வள்ளத்தில் கம்ப்ரஸரை ஓடவிட்டு, அதிலிருந்து காற்று வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். விடியுமுன் போனால் மத்தியானம் இரண்டு மணிக்குக் கரைக்கு வந்துவிடுவார்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்களிடம் வழக்கம். தங்கையின் மாமனார் பெயர்தான் அவனுக்கும். மாமனாரின் நினைவு நாள் அந்த மாதத்தில் வரும், வருடம் தவறாமல் தங்கை சீட்டுக் கொடுப்பாள். அந்த வருடம் அதற்கு முன்னாலேயே ஒரு சீட்டுக் கொடுத்தாள். மகன் போகும் வள்ளம் வழக்கத்தைவிட ஆழமான இடத்துக்குப் போகப்போகிறது, அவன் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று. சீட்டில் அவன் தகப்பன் பெயரும் அவன் பெயரும், கீழே சின்னதாக ‘நலம் வேண்டி’ என்றும் இருந்தது. அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. பெயரைப் பார்த்ததும், வருடா வருடம் வரும் மாமனார் சீட்டு என்று என் கை அதன்பாட்டுக்கு இறந்தவர்கள் தலைப்பின் கீழ் எழுதிவிட்டது. அதோடு நின்றதா? சீட்டில் இருந்தபடியே, இன்னாருடைய மகன் என்பதையும் சேர்த்து எழுதியது.

மறுநாள் காலை அதை அப்படியே வாசித்தேன். இன்னாருடைய மகன் இன்னார், இவருடைய ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடைய. மாமனார் பெயரோடு என் தங்கை புருஷனுடைய பெயர் தகப்பன் பெயராக வருமா? வராது. கோயில் முழுக்க யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்துவிட்டது, எனக்குத் தவிர. பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. யாருடைய செல்போனோ அடித்துவிட்டதாக்கும் என்று நான் முறைத்துப் பார்த்தேன்.

சாமியார் ஊருக்குப் புதிது. நடுப்பூசையில் இறந்தவர்களை நினைக்கும் இடத்தில் நான் எழுதிக் கொடுத்த பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அப்போதுதான் என் காதில் அது விழுந்தது. மூன்றாவது பெஞ்சில் என் தங்கை முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இருந்தாள். அவள் மகன் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கடலுக்குப் போய்விட்டான்.

பூசை முடிந்ததும் கொடிமரத்தடியில் என்னை நிறுத்தினாள்.

“யக்கா, உசுரோட இருக்கவனுக்குப் பூசை வச்சிட்டியே.”

கைப்பிழை, அவ்வளவுதான் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத அளவுக்குச் சத்தமாக இருந்தது. சாமியாரிடம் போய்ச் சொல்லி, இப்போதே அவன் பெயரை உயிரோடு இருப்பவர்களோடு சேர்த்து ஒருமுறை ஜெபிக்கச் சொல்லு என்று கெஞ்சினாள். பத்து எட்டில் சாமியார் இருந்தார். புதுச் சாமியாரிடம் போய், நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று நிற்க எனக்கு மனம் வரவில்லை. நாம் வேதக்காரர்கள், இதையெல்லாம் நம்பலாமா, நாளைக்கு வாசித்தால் போயிற்று என்று வகுப்பு எடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்தும் ஒரு வேலை ஓடவில்லை. காற்று சுத்தமாக நின்றிருந்தது. கடல் குளம்போலக் கிடந்தது. இப்படிப்பட்ட நாளில்தான் தண்ணீர் தெளிவாக இருக்கும், குளிகாரர்கள் ஆசைப்பட்டு அதிக நேரம் கீழே நிற்பார்கள், அப்படி நின்றவன் அவசரமாக மேலே வந்தால் கை கால் விழுந்துவிடும் என்று என் அப்பா சொல்லுவார். அந்த நினைப்பு ஏன் இப்போது வருகிறது என்று என்மேலேயே எரிந்து விழுந்தேன். பன்னிரண்டு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டேன். தங்கை எனக்கு முன்பே அங்கே நின்றாள்.

ஒரு மணி இருக்கும். வள்ளத்துச் சொந்தக்காரருக்குக் கடலிலிருந்து போன் வந்தது. பாதி வார்த்தைதான் கேட்டது. கம்ப்ரஸர் நின்றுபோயிற்று, எல்லோரும் அவசரமாக மேலே வந்துவிட்டார்கள், ‘பையனுக்கு ஒடம்புக்கு முடியல, காலு வரல, ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க.’ அதோடு சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தும் கிடைக்கவில்லை.

அந்த வள்ளத்தில் ஏழு பேர். ஐந்து பேர் நாற்பதைத் தாண்டியவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். அவர்களை யாரும் பையன் என்று சொல்ல மாட்டார்கள். மிச்சம் இரண்டு பேர். ஒருவன் என் தங்கை மகன். இன்னொருவன் கருவாடு விற்றுப் பிழைக்கும் ஓர் அம்மாளின் மகன். புருஷன் போன பிறகு தனியாளாக வளர்த்த பிள்ளை.

அந்த அம்மாளும் செய்தி கேட்டுக் கரைக்கு வந்துவிட்டார். வந்தவர் அழவில்லை, அரற்றவில்லை. மணலில் விழுந்து கிடந்த என் தங்கையைத் தூக்கி உட்கார வைத்தார். தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தார். எங்கிருந்தோ ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து குடிக்க வைத்தார். விசுவாசம் என்றால் இதுவல்லவா என்று நான் அசந்துபோனேன். இருபது வருடம் மறைக்கல்வி வகுப்பெடுத்த எனக்கு இல்லாதது கருவாட்டுக் கூடை சுமக்கிறவருக்கு இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

இனி எழுதப்போவதை எழுதாமல் தாண்டிவிடலாமா என்று பலமுறை பார்த்தேன். முடியாது. நான் கரையில் சிலுவை நட்டிருக்கும் குருசடிப் பக்கமாகத் திரும்பி நின்று ஜெபித்தேன். ஆண்டவரே, என் தங்கை மகனைக் காப்பாற்றும் என்றுதான் தொடங்கினேன். பிறகு என் வாய்க்குள்ளேயே வேறு வார்த்தைகள் வந்தன. யாராவது ஒருத்தனாகத்தான் இருக்க வேண்டும் என்றால் அது மற்றவனாக இருக்கட்டும். மற்றவனாக இருந்தால் என் பிழையால் என்று ஆகாது. இரண்டாவது முறையும் அதையே சொன்னேன், இன்னும் தெளிவாக, அந்த அம்மாளின் மகனுடைய பெயரைச் சொல்லி. எனக்குப் பின்னால் பத்தடியில் அந்த அம்மாள் என் தங்கையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

துறைமுகத்துக்கு வெளியே வரிசையாக நின்ற கப்பல்களுக்கு இந்தப் பக்கமாக வள்ளம் தெரிந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. முன்னால் ஒருவன் நின்றுகொண்டு கையை ஆட்டினான். என் தங்கை மகன். தங்கை எழுந்து தண்ணீருக்குள் ஓடினாள். என் உடம்பில் அப்படியொரு சந்தோஷம். ஸ்தோத்திரம் என்று கத்தியேவிட்டேன். அந்தச் சத்தம் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாது.

பலகையில் படுக்க வைத்து மற்றவனைத் தூக்கி வந்தார்கள். கண் திறந்துதான் இருந்தது. அம்மா, இடுப்புக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை என்று அவன் சாதாரணமாகச் சொன்னான். அந்த அம்மாள் அவனைப் பார்க்கவில்லை. கரையில் நடந்து வந்துகொண்டிருந்த என் தங்கை மகனையே பார்த்துக்கொண்டு நின்றார், ஏதோ கணக்குத் தப்பிவிட்டது மாதிரி. அதிர்ச்சி என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்று ஜெபித்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். வார்டு வாசலில் அந்த அம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“டீச்சர், நான் ஒரு பாவம் செஞ்சிட்டேன். ஒங்ககிட்டதான் சொல்லணும். அன்னைக்குப் பூசையில ஒங்க தங்கச்சி மவன் பேர நீங்க வாசிச்சிய இல்லையா. போன் வந்ததும் நான் நெனச்சேன், பேருதான் வாசிச்சாச்சே, அப்ப அவந்தான், எம்புள்ள இல்லன்னு. நிம்மதியா நின்னேன் டீச்சர். அந்த நிம்மதியிலதான் ஒங்க தங்கச்சிக்குத் தண்ணி குடுத்தேன்.”

அதற்குத்தான் ஆண்டவர் எம்புள்ள கால எடுத்துக்கிட்டாரோ என்று கேட்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்!

நானும்தான் அம்மா என்று சொல்ல வேண்டிய இடம் அது. இரண்டே வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆண்டவர் அப்படித் தண்டிக்கிறவர் இல்லை, உங்களை மன்னித்துவிட்டார், மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்றேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில். அவர் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிற்பாடு பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்பும் கொடுத்தார். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரும் அந்தத் துன்பக் கிண்ணம் தன்னை விட்டு அகலட்டும் என்றுதான் கேட்டார், பயம் பாவமில்லை என்று ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறவில்லை. அவர் அகலட்டும் என்று கேட்டார், சரி. பக்கத்துவீட்டுக்குப் போகட்டும் என்று கேட்டாரா? அத்தனை வருடம் அந்தப் பகுதியைக் குருத்து ஞாயிறு தோறும் வாசித்திருக்கிறேன், இந்த வித்தியாசம் எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை. சகுனத்தை நம்பியவர் அந்த அம்மாள் மட்டுமில்லை. ஊரில் எல்லோரையும்விட அதை அதிகம் நம்பியவள் நான்தான், அதனால்தான் அப்படி ஒரு ஜெபம் வந்தது.

இரண்டு வருடம் ஆகிறது. தங்கை மகன் கடலை விட்டுவிட்டு லாரி ஓட்டுகிறான். மற்றவனுக்குக் கால் இன்னும் முழுதாக வரவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கிழிந்த வலை பொத்துகிறான். அந்த வழியாகப் போனால் சிரித்துக்கொண்டே, டீச்சர் சுகமா இருக்கியளா என்று கேட்கிறான். நான் தெருவை மாற்றிக்கொண்டேன்.

அந்த அம்மாளிடம் நேரில் சொல்ல வாய் எழும்பவில்லை, எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இதைத் தொடங்கினேன். முக்கால்வாசி எழுதிய பிறகுதான் உறைத்தது. அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் போய் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், என் ஜெபத்தில் அவர் மகன் பெயர் வரும் இடத்தையும், வாசலில் இருக்கும் அவனுக்கும் கேட்கும்படி.