அருளம்பலத்தாரின் வரிசையும் சில்லுச் சப்பாத்தும்

அருளம்பலத்தார் "வரிசை!" என்று ஒரு குரல் விட்டால், திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள்கூடப் பெரியது முன்னால், சின்னது பின்னால் என்று தம்மைத் திருத்திக்கொண்டு நிற்கும். சரி, கப்பல் கொஞ்சம் கூடிப்போச்சு. கப்பல்கள் நின்ற இடத்திலேயேதான் நின்றன. ஆனால் பஸ் நிலையப் பக்கம் அலைகிற மான்களில் ஒன்று ஒருநாள் ஜெற்றிக்குள் வந்து, அவருடைய வரிசையின் கடைசியில் அடக்கமாக நின்றது உண்மை. அதற்கு முன்னால் நின்ற மனிசியின் பைக்குள் கீரைக்கட்டு இருந்ததும் உண்மைதான்.

மூதூர்ப் படகு புறப்படுகிற ஜெற்றியில் ரிக்கற் கிழிப்பதும் சனத்தை ஒழுங்குபடுத்துவதும் அவர் வேலை. சண்டைக் காலம். செல் குண்டு விழுந்து ஊரோடு வெளிக்கிட்ட மூதூர்ச் சனம் திரும்பிப் போய்க் கொஞ்சக் காலந்தான். படகு எந்த நாள் ஓடும், எந்த நாள் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஓடுகிற நாளில் எல்லாருக்கும் போகவேண்டும். கேற் திறந்ததும் பின்னால் நிற்கிறவர் ஒரு இடி இடித்தால், முன்னால் நிற்கிறவர் கடலுக்குள்தான். அதனால் அந்த வரிசை உயிர் சம்பந்தப்பட்ட காரியம். சனம் அவருக்குக் கட்டுப்பட்டது குரலுக்காக அல்ல. ஆளுக்கொரு நீதி அவரிடம் கிடையாது. கள்ளமாய் நடுவில் புகுந்த சொந்த மச்சானையே காதைப் பிடிக்காத குறையாகக் கடைசிக்கு அனுப்பியவர்.

அந்தக் கொட்டகைக்கு அவர் ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார். மேலே தகரக் கூரை, கீழே சீமெந்து நிலம். யாராவது ஒரு மூட்டையைத் தொப்பென்று போட்டால் பாதிச் சனம் குந்திவிடும். ஆகவே எதைக் கீழே வைப்பதென்றாலும் "வைக்கிறன்" என்று முதலில் உரத்துச் சொல்லவேண்டும். ஓடவும் கூடாது. நாளடைவில் மூதூர்ப் பெண்கள் அடுப்பில் பானையை ஏற்றும்போதும் "வைக்கிறன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்களாம். இதிலும் பாதியை நம்பினால் போதும்.

ஸல்ஹா மட்டும் ஒருநாள் மறந்துபோனாள். மூதூரில் சின்னக் கடை வைத்திருந்தவள். கரண்ட் இல்லாத வீடுகளுக்காக லாம்புக் கண்ணாடிச் சிமினிகளைத் திருகோணமலை ரவுணில் வாங்கி, வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோகிறவள். அன்றைக்குக் கையிலிருந்த வெறும் எண்ணெய்த் தகரம் நழுவி டமார் என்றது.

"வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ, ராத்தா? கடைசிக்குப் போங்கோ!"

எல்லாரும் பார்க்க, தகரத்தைப் பொறுக்கிக்கொண்டு அவள் கடைசிக்குப் போனாள். அதுதான் சட்டம் என்று அருளம்பலத்தார் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்படிப்பட்ட மனுசனுக்குத்தான் அந்தச் சப்பாத்து வந்து சேர்ந்தது. கோயில் குளமெல்லாம் சுற்றிக் காலம்போய்ப் பிறந்த ஒரே மகள் சாம்பவி, நாலாம் வகுப்பு. அவளுக்குக் கனடாவிலிருந்து தாய்மாமன் அனுப்பியது. பார்த்தால் சாதாரணச் சப்பாத்து. குதியில் ஒரு சில்லு, சின்னச் சக்கரம். விரலை உயர்த்திக் குதியில் சாய்ந்தால் பிள்ளை அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. தாய் தங்கரத்தினம் கந்தோருக்கு வேலைக்குப் போகிறவள். பிள்ளை தகப்பனோடு ஜெற்றிக்கு வந்தது.

முதலில் சனம் வரமுதல் உருண்டாள். பிறகு சனம் வந்த பிறகும் உருண்டாள். அவர்கள் குடியிருந்த ஓர்ஸ் ஹில் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு சப்பாத்து இல்லை என்ற பெருமை தகப்பனுக்கு.

வெங்காய வியாபாரி ஸைனுலாப்தீன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. "ஐயா, ஓடப்படாதெண்டு எங்களுக்குச் சட்டம். உங்கட புள்ள பறக்குதே!"

"அது ஓட்டமில்லை நானா. உருளுறது."

"அப்ப நானும் உருண்டு உருண்டு முன்னுக்கு வரட்டா?"

கொட்டகை சிரித்தது. அருளம்பலத்தாரும் சிரித்தார். "மெல்லமா, மகள்" என்றார், கேட்கத் தேவையில்லை என்று பிள்ளைக்கு விளங்குகிற குரலில். ஸல்ஹா மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேற் திறக்கிற நேரம் நெருங்கிச் சனம் பேச்சடங்கியிருந்தபோது, சாம்பவி கொட்டகையின் மேல் முனையிலிருந்து உருள வெளிக்கிட்டாள். மினுங்கின சீமெந்தில் ஒற்றைச் சில்லு மெல்லிசாக உஸ்ஸென்று இரைந்தது. தகரக் கூரையில் பட்டு அந்த இரைச்சல் வரவரக் கூடியது. பிறகு தண்ணீர் ஓடுகிற கானை மூடிப் போட்டிருந்த இரும்புத் தகட்டில் சில்லு ஏறி, டணார்!

செல் என்றால் முதலில் கூவும், பிறகு வெடிக்கும். மூதூர்ச் சனத்துக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வரிசை முழுக்க ஒரே நேரத்தில் நிலத்தில் கிடந்தது. அதற்குமேல் கண்ணாடி நொறுங்குகிற சத்தம்.

அருளம்பலத்தாருக்குக் கன்னம் குளிர்ந்தது. அப்போதுதான் தான் ரிக்கற் மேசைக்குக் கீழே கிடப்பது அவருக்குத் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தார். கழன்ற செருப்புகள். உருளுகிற வெங்காயம். தகட்டுக்குப் பக்கத்தில் ஸல்ஹா குப்புறக் கிடந்தாள். அவளுக்குக் கீழேயிருந்து இரண்டு சப்பாத்துகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சிமினிப் பெட்டியைக் கைவிட்டுவிட்டு, கைக்கு எட்டின பிள்ளையை இழுத்துப் போட்டுத் தன் உடம்பால் மூடியிருக்கிறாள்.

செல் இல்லை, சில்லுத்தான் என்று விளங்கியதும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். யாராவது ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாயிருந்திருக்கும். ஒருவரும் ஏசவில்லை. ஸைனுலாப்தீன் சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பி, சில்லைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், வெங்காயம் பொறுக்கப் போனார். எதற்கும் ஒரு கதை வைத்திருக்கிற மனுசன்!

அருளம்பலத்தார் முழங்காலில் இருந்து கண்ணாடித் துண்டுகளைக் கையால் கூட்டினார். "ராத்தா, நீங்கள் முதலாவதா ஏறுங்கோ."

"எனக்கு முன்னால ஆக்கள் நிக்கிறாங்க, ஐயா" என்று சொல்லிவிட்டு அவள் தன் இடத்துக்குப் போனாள். அறைந்திருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது.

கேற் திறந்தது. "வரிசை" என்று சொல்ல வாய் திறந்தார், காற்றுத்தான் வந்தது. சனம் நெருக்கியடித்து ஏறியது.

வீட்டில் தங்கரத்தினம் விசாரித்தபோது, "சனம் செல்லெண்டு நினைச்சிட்டுது. நான் ஓடிப்போனன், அதுக்குள்ள ஸல்ஹா பிள்ளையைப் பிடிச்சிட்டா" என்றார். பிள்ளை அப்போது நித்திரை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவருடைய குரலுக்கு ஒருவரும் அசையவில்லை. "இடிக்காதேங்கோ!" என்றால், கூட்டத்துக்குள்ளிருந்து, "நாங்க இடிக்கல்ல ஐயா, உருளுறம்" என்று பதில் வந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண் படகுக்கும் ஜெற்றிக்கும் இடையில் கால் தவறி, ஸைனுலாப்தீன் எட்டிப் பிடித்ததால் தப்பினாள். அன்றைக்கு அருளம்பலத்தார் ரிக்கற் மேசைக்கு வந்து இருந்து, அதன் அடிப்பக்கத்தையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுகிழமை ஸல்ஹா புதிய சிமினிப் பெட்டியோடு வரிசையில் நின்றாள். அருளம்பலத்தார் மகளையும் வெறுங்காலோடு கூட்டிக்கொண்டு, சனம் குந்துகிற மர வாங்கில் ஏறினார்.

"அண்டைக்கு என்ர பிள்ளையால நீங்கள் எல்லாரும் நிலத்தில விழுந்தனீங்கள். பிள்ளையில பிழையில்லை. ஒரு தகரத்துக்காக ராத்தாவைக் கடைசிக்கு அனுப்பினவன், என்ர பிள்ளை உருளேக்க இளிச்சுக்கொண்டு நிண்டனான். எனக்கு வெக்கமாக் கிடக்கு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா இந்த வரிசையை மட்டும் குழப்பிப் போடாதேங்கோ. ஆரேன் கடலுக்குள்ள போயிடுவினம்."

ஸல்ஹா பெட்டியைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"வைக்கிறன்!"

அவளுக்குப் பின்னால் ஸைனுலாப்தீன், "வைக்கிறன்! இது வெங்காயம், உருண்டாலும் உருளும்!" என்றார். பிறகு இன்னொருவர், இன்னொருவர். வளைந்து நெளிந்து கிடந்த வரிசை தானாக நேராகியது.

அவ்வளவோடு இறங்கியிருக்கலாம். நெஞ்சு லேசானதும் மனுசனுக்கு நாக்கும் லேசாகிவிட்டது.

"நானும் பிள்ளையைப் பிடிக்க ஓடித்தான் வந்தனான். எனக்குக் கொஞ்சம் முந்தி ராத்தா பாய்ஞ்சிட்டா…"

பக்கத்தில் நின்ற சாம்பவி அவருடைய சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"இல்லையப்பா. நீங்கள் மேசைக்குக் கீழ படுத்திருந்தனீங்கள். ஸல்ஹா மாமியின்ர கைக்குக் கீழால நான் பாத்தனான். நீங்களும் என்னைப் பாத்தனீங்கள்."