பேராச்சியக்காவின் கடைப் போட்டோ

பேராச்சியக்கா தாராவியில் கைமுறுக்கு சுற்றி விற்பவர். முனிசிபாலிட்டி சிறு கடைகளுக்கென்று ஓர் ஆப் விட்டிருக்கிறது. அதில் பதிந்தால்தான் தீபாவளிச் சந்தையில் இடம். கெடு முடிகிற அன்று, போனைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். நான் மாலதி, பக்கத்து வீட்டுத் தையல்காரி. எனக்கு வேறு சோலியே இல்லை பாருங்கள்!

கடை முகப்பு, போர்டு, முதலாளி மூன்றும் ஒரே போட்டோவில் விழ வேண்டுமாம். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ! எங்கள் சந்தில் எதிரே ஆள் வந்தால் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கணும். பின்னால் தள்ளிப்போய் எடுக்க இடமேது? அக்கா விழுந்தால் வேறெதுவும் விழவில்லை. அவர் உடம்பு அப்படி.

ஒரே வழி, எதிர்வீட்டுக்குள் நின்று எடுப்பது. அது பேகமக்கா வீடு. அவர் காயப்போட்ட துணி முறுக்கு மாவில் சொட்டியதிலிருந்து இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆனாலும் பேராச்சியக்கா தன் வாசலில் நின்றபடி அந்த வீட்டு டிவியில்தான் சீரியல் பார்ப்பார். பேகமக்காவும் வாயைத் திறக்காமல் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

"மாலதி, அவகிட்டக் கேளுட்டி" என்றார் பேராச்சியக்கா. பேகமக்கா எதிரேதான் நிற்கிறார்!

"வந்து எடுத்துக்கிடச் சொல்லு. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்?" என்றார் பேகமக்கா, என்னிடம்.

நான் உள்ளே போனதும், எனக்கு எடுக்கத் தெரியாதென்று போனைப் பிடுங்கிக்கொண்டு பேகமக்காவே கட்டில்மேல் ஏறினார். கடை விழுந்தது, போர்டும் விழுந்தது. ஆப் திருப்பிவிட்டது. முதலாளி முகம் தெரியவில்லையாம். மறுபடி எடுத்தோம், மறுபடி அதே பதில். தெரியுமா பின்னே? பேராச்சியக்கா சுவரைப் பார்த்து நிற்கிறார்! போனைப் பார்த்தால் பேகமக்கா முகத்தைப் பார்த்ததாகிவிடுமாம். தலையில் அடித்துக்கொண்டேன். சந்தையில் இடம் போனால் தீபாவளியே போச்சு என்று காலையில் அழுததும் இதே பொம்பளைதான்.

பேகமக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி பேராச்சி! என் மூஞ்சியப் பாக்காண்டாம், போனைப் பாரு. ஜல்தி! காலு வலிக்கு!"

பேராச்சியக்கா வெடுக்கென்று திரும்பினார். "இப்பத்தான் வாய் தொறக்குதா உனக்கு? காய்ச்சல்ல கெடந்தேனே, எட்டிப் பாத்தியாட்டி?" கண்ணெல்லாம் தண்ணீர். மிச்சத்தையும் கொட்ட வாயைப் பிளந்தபோது பேகமக்கா பட்டென்று போனை அமுக்கிவிட்டார். ஆப் ஏற்றுக்கொண்டது.

அந்தப் போட்டோவைப் பார்க்கிறவர்கள், அக்கா முறுக்கு வாங்கக் கூப்பிடுகிறார் என்றே நினைக்கிறார்கள். சந்தையில் பேகமக்காவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பொழுதுக்கும் இரண்டு பேரும் சண்டை. எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.