அப்புறம் மேடம்

கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் அவர் கண்ணை இறுக மூடி, எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்துக்கொள்கிறார். இத்தனை வருடமாக மலை ஏறியும் வயிறு பழகவில்லை. பஸ் நின்றதும் முகம் கழுவி, புடவையை உதறிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் ஒற்றையடிப் பாதையில் நடக்கத் தொடங்கிவிடுவார்.

மின்கம்பி எட்டாத ஊர்களில் சூரிய மின்சாரம் அமைக்க உதவும் அறக்கட்டளை ஒன்றில் அவருக்கு வேலை. எந்த ஊருக்கு நிதி கொடுக்கலாம் என்று நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். போகிற ஊரில் கூரையையும் வெயிலையும் பார்ப்பதற்கு முன் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிடுவார். யார் என்ன சொன்னாலும், "அப்புறம்?" என்பார். விளக்கு எரியும் என்றால், "அப்புறம்?" பிள்ளைகள் படிப்பார்கள் என்றால், "அப்புறம்? கெட்டுப்போனா யாரு பார்ப்பா?" அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'அப்புறம் மேடம்' என்றே பெயர்.

"கல்யாணத்துக்குக் கூட்டம் கூடும். புள்ள வளக்க எவனும் வரமாட்டான்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

வீட்டில் வேறு கதை. மாடிப்படி பல்பு எரிந்து மாதக்கணக்காகிறது. "ஊருக்கெல்லாம் வெளக்கு போடுற, நான் இங்க தடவித் தடவி ஏறுறேன்" என்று கணவர் புலம்புவார். "நீங்க மனு குடுங்க, பரிசீலிக்கிறேன்" என்பார் இவர்.

சென்ற ஆண்டு மலை உச்சியில் ஒரு சிற்றூருக்குப் போனார். அங்கே முன்பே யாரோ வந்து சூரியத் தகடுகளை மாட்டி, படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்த மழைக்குள் பேட்டரி செத்தது. இப்போது ஒரு தகடு கோழிக்கூட்டுக்குக் கூரை. சூடு கண்ட பூனைகளாக ஊரார் தள்ளியே நின்றார்கள்.

"நீங்களும் படம் புடிச்சிட்டுப் போயிடுவீங்க. பழகிப்போச்சு" என்றார் ஊர்ப் பெரியவர்.

"எங்கிட்ட கேமராவே இல்ல பெரியப்பா. கெட்டுப்போனா பாக்குறதுக்கு ஒரு ஆளச் சொல்லுங்க, போதும்."

ஆண்களில் பாதிப்பேர் வேலைக்காக ஊர் ஊராகப் போகிறவர்கள். பின்வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற தையல்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அந்த பேட்டரிப் பொட்டிய நான் ஒருநா கத்தியால தெறந்து பாத்தேன் மேடம். திட்டாதீங்க."

"அப்புறம்?"

"ஒண்ணும் புரியல. ஆனா புரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு."

அந்த ஒரு பதிலுக்காக மேடம் நிதிக்குழுவோடு மல்லுக்கு நின்றார். "ஒருதடவை தோத்துப்போன ஊர்" என்று குழுத் தலைவர் ஃபைலை மூடப் பார்த்தார்.

"ஊர் தோக்கல சார். புள்ளையப் பெத்துக் கையில குடுத்துட்டு, பாலுக்கு வழி சொல்லாம வந்தது நம்மள மாதிரி ஆளுங்கதான். தகட்டுக்கு மட்டும் இல்ல, அந்தப் பொண்ணோட பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் சேத்துக் குடுங்க."

"மறுபடி படுத்துச்சுன்னா?"

"என்னைய ஆபீஸ்லயே உக்கார வச்சிடுங்க. இனிமே மலையேற மாட்டேன்."

பஸ்ஸில் குமட்டுகிறவருக்கு அது தண்டனையா என்று யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. மலையேறாமல் மேடத்தால் இருக்க முடியாது, அது எவ்வளவு பெரிய பந்தயம் என்று அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டார்.

பயிற்சிக்கு வந்த தையல்காரி குழந்தையோடு மேடம் வீட்டிலேயே தங்கினாள். முதல் வாரமே கையில் சுருக்கென்று ஷாக் அடித்துவிட்டது. அன்று மாலை துணியை மூட்டை கட்டிக்கொண்டு அழுதாள். "இது எனக்கு வராது மேடம். வேற யாரையாச்சும் பாருங்க."

"சாப்ட்டுட்டு சொல்லு" என்று தட்டை வைத்தார் மேடம். குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது மூட்டை அவிழ்ந்திருந்தது.

திறப்பு நாள். பொழுது சாய்ந்ததும் வீடு வீடாக விளக்கு எரிந்தது. பிள்ளைகள் தங்கள் நிழலைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். பெரியவர் பேச எழுந்தார், பட்டென்று ஊரே இருண்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றது அவர் குரல்.

எல்லா முகமும் மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, நகரத்திலிருந்து வந்த பொறியாளர் பக்கம் திரும்பியது. அவர் கருவிப்பையோடு எழுந்தார். அதற்குள் தையல்காரி குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டியைத் திறந்துவிட்டாள். ஏதோ தளர்ந்த கம்பி. அவள் முறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

விளக்குகள் திரும்ப எரிந்தன. கைதட்டல் எழுந்து, ஓய்ந்து, பெரியவர் விட்ட இடத்திலிருந்து பேசவும் தொடங்கிவிட்டார். பொறியாளர் மெல்லக் குனிந்து, "மேடம், என் சட்டை" என்றார். இருட்டில் அவரைப் போகவிடாமல் இறுக்கிப் பிடித்த சட்டைக் கையை மேடம் இன்னும் விட்டிருக்கவில்லை.