அப்பாவின் சாய்தளம்

சர்க்கரை நோயால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த ஆண்டு, நான் பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் சேர்ந்திருந்தேன். மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். காலையில் கீழே இருக்கும் காப்பிக் கடைக்குத் தனியாகப் போக வேண்டும், தனியாகத் திரும்ப வேண்டும். யாரும் தள்ளக் கூடாது.

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீடு ஓர் அடுக்குமாடி புளோக்கின் பத்தாவது மாடியில், காரிடாரின் கோடியில் இருக்கிறது. வாசலில் ஒரு சாண் உயரத்துக்குப் படி. சக்கர நாற்காலிக்கு அது மலை.

எனக்கு அது மலையாகத் தெரியவில்லை. சாய்தளம் போட்டால் போயிற்று, உயர்நிலைப் பள்ளியில் படித்ததுதானே! பலகை நீள நீள, ஏற்றுவதற்கான விசை குறையும். குறைந்த விசைக்கு ஈடாகக் கூடுதல் தூரம் போகிறோம், அவ்வளவுதான். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் தராசை அப்பாவிடம் கொடுத்து, இழுக்கச் சொல்லிக் கைபலத்தை அளந்தேன். அதில் பாதிகூடத் தேவையில்லை என்றது கணக்கு. தேக்கா பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் பலகை வாங்கி, எம்ஆர்டி ரயிலில் நிற்க வைத்துப் பிடித்தபடி கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் வாசற்படியில் மஞ்சள் குங்குமம் வைக்கும் அம்மா, படி மறைந்துபோனதும் பலகைக்கே வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று அப்பா பலகையில் சுலபமாகச் சறுக்கியபடி இறங்கினார். நான் வகுப்புக்கு ஓடினேன். அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் என்ன வித்தியாசம் என்று விரிவுரையாளர் கேட்டதும் முதல் கை என்னுடையது. விதியைக் கண்டுபிடிப்பது அறிவியல், அதைப் பயன்படுத்துவது தொழில்நுட்பம் என்றேன். மனத்தில் எங்கள் வீட்டுப் பலகை இருந்தது.

மதியம் திரும்பியபோது அப்பா அந்தப் பலகையின் கீழ்முனையில் நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளும் சிவந்திருந்தன.

"காத்து நல்லா இருக்கு லா. அதான்."

எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். தான் இரண்டு முறை தள்ளிவிட வந்ததாகவும், அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி மெதுவாகச் சொன்னார்.

"சரி, இப்ப நீ தள்ளு," என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவர் தூங்கிய பிறகு நானே நாற்காலியில் உட்கார்ந்து ஏறிப் பார்த்தேன். முதல் தள்ளு நன்றாகத்தான் ஏறியது. அடுத்ததற்குச் சக்கரத்தை மறுபடி பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டுமென்றால் முதலில் விட வேண்டும். விட்ட அந்த நொடியில் நாற்காலி பின்னால் உருண்டது. திரும்பத் திரும்ப அதேதான். என் கணக்கில் தவறில்லை, இன்று போட்டாலும் அதே எண்தான் வரும். பிடிப்பதற்காகக் கையை விட்டாக வேண்டும் என்பது அதில் எங்கும் இல்லை. வகுப்பில் 'பயன்படுத்துவது' என்று அவ்வளவு சுலபமாகச் சொன்னேனே, அதற்குள் அப்பா இல்லவே இல்லை.

எங்கள் இரும்பு கேட் வெளிப்பக்கம் திறந்தால் பலகையை ஒட்டி நிற்கும். அது ஆடாமல் இருக்கச் சுவரில் ஒரு கொக்கி போட்டால், ஒரு கையால் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைத் தள்ளலாம்; பின்னால் உருளாது. பிடிக்கக் கேட்டில் குறுக்குக் கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்று இந்த முறை அப்பாவிடம் கேட்டேன்.

"இன்னும் கீழ. உன் கணக்குல என் கை ரொம்ப நீளமா இருக்கு."

கொக்கியும் கம்பியும் போட்ட பிறகு, அடுத்த சனிக்கிழமை காப்பிக் கடைக்குப் போனவர் ஒரு மணி நேரம் கழித்தும் வரவில்லை. தேடிப் போக அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். அப்போது கேட் கம்பி கிறீச்சிட்டது. சற்று நேரம் கழித்து இன்னொரு முறை. நாங்கள் இருவரும் நகரவில்லை.

அப்பா மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"எங்க போனீங்க? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்ல?" என்றார் அம்மா.

"பக்கத்து புளோக் வரைக்கும். சொல்லணும்னு தோணல."

அம்மா செருப்பைக் கழற்றினார்.