நனைக்காத கோடி

துணியில் பூ வரைந்தால் களைப்பெல்லாம் பறந்துவிடும் என்று ஹட்டனில் எங்களுக்கு வகுப்பு எடுத்த டீச்சர் சொன்னார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தவர். நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு வரைந்தவள். என் களைப்பு எங்கேயும் பறக்கவில்லை. விரல்களில் ஏறிய கொழுந்துக் கறையும் போகவில்லை. வெள்ளைப் பருத்தியைத் தொடுவதற்கு முன் எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் எரியும்.

ஆனாலும் விடாமல் வரைந்தேன். காரணம் என் முழங்கால். மலை ஏற இனி அதற்குத் தெம்பில்லை. நான் வரையும் சேலைக்கு நாலு பேர் சேர்ந்துவிட்டால் தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டிவிட்டு வீட்டோடு இருந்துவிடலாம். விடியற்காலைக் குளிரில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய், எந்த மலைக்கு அனுப்பப் போகிறார்களோ என்று நிற்க வேண்டாம். அடுத்த மாதத்தோடு நின்றுவிடுகிறேன் என்று வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கிடம் சொல்லியும் வைத்துவிட்டேன். ஆழம் பார்க்காமல் காலை விடுவது எனக்குப் பழக்கம்.

அந்த நேரத்தில்தான் நாத்தனாரின் மகள் பெரியவளானாள். சடங்குக்குத் தாய்மாமன் கோடி எடுக்க வேண்டும். தாய்மாமன் என் வீட்டுக்காரர். கடைச் சேலை வேண்டாம், நானே வரைந்து தருகிறேன் என்றேன். பாதி பாசம், பாதி சுயநலம். நாலு லயத்து வரிசை வீட்டுச் சனமும் வந்து உட்கார்ந்து பார்க்கும் சேலை அது. என் கைவேலையைக் காட்ட அதைவிட நல்ல இடம் எனக்கு எங்கே கிடைக்கும்?

நாத்தனார் சந்தோஷப்பட்டார். பிறகு ஒன்று சொன்னார்.

"வரைஞ்சு குடு, நல்லாத்தான் இருக்கும். ஆனா துணி கோடியா இருக்கணும். தண்ணி பட்ட துணிய எம்புள்ளைக்குக் கட்டிவிட்டுறாத."

எங்கள் ஆட்களுக்குக் கோடி என்றால் தண்ணீர் படாத புதுத்துணி. ஒருமுறை நனைந்துவிட்டால் அது உடுத்திய துணி மாதிரிதான், சீர்த்தட்டில் ஏறாது. வகுப்பில் சொல்லிக்கொடுத்த முதல் பாடமோ இதற்கு நேர் எதிர். புதுப் பருத்தியில் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். அதை அலசிப் போக்காமல் வரைந்தால் சாயம் நூலுக்குள் இறங்காது. கஞ்சிமேல் ஒட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

சொல்வதற்கு வாயெடுத்தேன். வெளியே மூன்று நாளாக விடாத மழை. தோளில் கொழுந்துக் கூடையின் பாரம் இன்னும் இறங்கினபாடில்லை.

"சரிங்க அண்ணி, நனைக்கல," என்றேன்.

ஐந்து நாள், வேலை விட்டு வந்ததும் வாசல் இஸ்தோப்பில் சேலையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். லயத்து ஓரத்தில் பூக்கிற மஞ்சள் டேலியாவைத்தான் சேலை உடம்பெல்லாம் வரைந்தேன். சாயம் காய்ந்ததும் துணியின் பின்பக்கம் இஸ்திரி போட வேண்டும்; சூட்டில்தான் நிறம் பிடிக்கும். ஒருமுறை போட்டால் போதும். நான் மூன்று முறை போட்டேன். கஞ்சியை இஸ்திரிப்பெட்டியால் ஏமாற்றிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

சடங்கன்று பிள்ளை அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, பெண்கள் முந்தானையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். பந்தி முடிவதற்குள் நாலு பேர் தங்களுக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் மகளின் கல்யாணத்துக்கே கேட்டார். அன்றைக்கு எனக்கு முழங்கால் வலிக்கவேயில்லை.

பத்து நாள் கழித்து, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை நேரே என் வீட்டுக்கு வந்தாள். புத்தகப் பைக்குள்ளிருந்து சேலையை எடுத்தாள். வாளியில் ஊறப்போட்டுக் கசக்கியிருக்கிறாள். டேலியாக்கள் சுவர்ச் சுண்ணாம்பு உரிகிற மாதிரி பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தன. சில இடத்தில் காம்பு மட்டும் மிச்சம்.

"அத்தை, நான் யாருகிட்டயும் சொல்லல. அம்மா கேட்டாங்க, தீவாளிக்குக் கட்ட எடுத்து வச்சிருக்கேன்னுட்டேன். தெரிஞ்சா ஒங்ககிட்ட கேட்டவங்க வேணாம்னுருவாங்கல்ல?"

பதின்மூன்று வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, நான் சந்தோஷப்படுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு நிமிடம், சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவளை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். பிறகு சேலையை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு மேல் லயத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாத்தனார் சேலையை விரித்துப் பார்த்தார். மகளைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன்.

"அலசாம வரைஞ்சா இப்பிடித்தாங்க ஆகும், அண்ணி. கோடி நனையக் கூடாதுன்னு நீங்க சொன்னதால..."

"சாயம் நிக்காதுன்னு ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவே வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நனைச்சுக்கம்மான்னு சொல்லியிருப்பேன்ல? மூலையில கொஞ்சம் மஞ்சளத் தடவிட்டா கோடிதான்னு தட்டுல வச்சிருக்கலாம். நாஞ்சொன்னா நீ கேக்கணும், நீ சொன்னா நான் கேக்க மாட்டேனா?"

கோபமில்லை அவருக்கு. மனசு நொந்துதான் கேட்டார். நான் சேலையை மடித்தேன்.

மறுநாள் சாயந்தரம் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் அந்த நாலு பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். கல்யாணத்துக்குக் கேட்டவர், பிறகு பார்ப்போம் என்றார்; அதுவும் வேண்டாம் என்பதுதான். அடுத்த நாள் பெரட்டில் கண்டாக்கு, "என்னம்மா, நிக்கப்போறேன்னியே?" என்றார். "இல்லங்க, பேரு இருக்கட்டும்," என்றேன். அவர் என்னை மேல் மலைக்கு அனுப்பினார்.

ஏறும்போது நாத்தனார் கேட்டதுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். இருபது வருடமாக அவரை எனக்குத் தெரியும். கேட்டிருப்பார் என்று தெரிந்ததால்தான் நான் சொல்லவில்லை. அவர் சரியென்றால், அந்த மழையில் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து ஆறு கெஜத்தையும் அலசிக் காயவைக்க வேண்டியவள் நான்.