ஆண்டவருக்கு மட்டும் எழுதிய சீட்டு

எங்கள் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குக் காய்ச்சல் என்றுகூடப் படுத்திருக்க முடியாது. ஜெப நேரம். அப்பா பாய் விரிப்பார். அம்மா பாட்டு எடுத்துக்கொடுப்பாள். நானும் தங்கச்சியும் அந்த வாரத்து வசனத்தைப் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் தப்பினாலும் முதலிலிருந்து ஆரம்பம். இதெல்லாம் எங்கள் சபையில் முக்கால்வாசி வீடுகளில் உண்டு. சீட்டு மட்டும் அம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு.

அம்மா கிராமச் செவிலியர். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அவளுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் ஓட்டினார். காலண்டர் சீசன் முடிந்ததும், ஓரம் வெட்டித் தள்ளிய காகிதத் துண்டுகளைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும். மறுபக்கம் வேலின் நுனியோ, தாமரையில் பாதியோ, மயிலின் கழுத்தோ இருக்கும். சாமி முகம் விழுந்த துண்டுகளை மட்டும் அம்மா பொறுக்கி எடுத்துவிடுவாள். மிச்சத்தில் நாங்கள் இயேசுவுக்கு எழுதினோம்.

ஆளுக்கு வாரம் ஒரு சீட்டு. எழுதி, நாலாக மடித்து, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, பழைய பிஸ்கட் டின்னில் போட வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமை அம்மா டின்னைப் பின்வாசலுக்கு எடுத்துப்போய் மொத்தத்தையும் எரித்துவிடுவாள். பட்டாசு மருந்து புழங்குகிற ஊர் என்பதால் தீப்பெட்டியை எங்கள் கையில் தரமாட்டாள். நாங்கள் தள்ளி நின்று புகையைப் பார்ப்போம்.

"ஒங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல நானே வர மாட்டேன். ஆனா அவருகிட்டப் பொத்தாம் பொதுவாக் கேக்கக் கூடாது. யாரு, என்ன, எப்ப, எங்கன, எல்லாம் வெவரமா எழுதணும். அப்பத்தான் வெவரமாப் பதில் வரும்" என்பாள் அம்மா.

பதில் வந்தது. அதுதான் விஷயம். ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கரும்பலகை எழுத்து தெரியாமல் போயிற்று. சொன்னால் கண்ணாடி மாட்டிவிடுவார்கள், பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்பார்கள் என்று வீட்டில் மூச்சு விடவில்லை. சீட்டில் மட்டும் எழுதினேன். அடுத்த செவ்வாய்க்கிழமையே அம்மா என்னைக் கண் சிகிச்சை முகாமுக்குக் கூட்டிப்போனாள், ஏதோ அந்த வழியாகப் போகிறவள் போல. ஞாயிற்றுக்கிழமை உப்புமா வேண்டாம் என்று தங்கச்சி எழுதிய பிறகு, இரண்டு ஞாயிறு எங்கள் வீட்டில் இட்லி அவிந்தது. அப்பா அம்மாவிடம் கத்தக் கூடாது என்று நான் ஒரு முறை எழுதினேன். அப்பா ஒரு வாரம் முழுக்கச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பள்ளிக்கூடத்தில் என் வாய் சும்மா இருக்குமா? மற்ற வீடுகளில் சாமி படமாகச் சுவரில் தொங்குகிறது, எங்கள் வீட்டில் பதில் போடுகிறது என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். அதைச் சலிக்காமல் கேட்டவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்து ஊரில் பாதியை அள்ளிக்கொண்டு போகும். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் அவளும் அந்த வேனில் ஏறினாள். சாயங்காலம் பார்த்தால் நகத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் மருந்து ஒட்டியிருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது.

அந்த லீவில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தாள். குவார்ட்டர்ஸில் நான் மட்டும்தான் இருந்தேன். அவளுடைய தாய்மாமனுக்கே அவளைக் கொடுப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அவர் அதே கம்பெனியில் போர்மேன், அவளைவிடப் பதினாலு வயது மூப்பு. இவளுக்குப் படிக்க வேண்டும். நன்றாகப் படிக்கிறவள்தான், கணக்கில் என்னை எப்போதும் முந்துவாள். திருப்பூரில் பனியன் கம்பெனி விடுதியில் அவளுடைய பெரியம்மா மகள் இருந்தாள். புதன்கிழமை வழக்கம் போல வேனில் ஏறி, சோற்று வாளியை மறந்துவிட்டேன் என்று வழியில் இறங்கி, சாத்தூர் போய் எட்டரை மணி மதுரை பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து திருப்பூர். வேலையும் பார்த்துக்கொண்டு தபால் வழியிலாவது படிப்பது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"யாருகிட்டயும் சொல்லிறாத புள்ள. சத்தியம் பண்ணு."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு எங்க வீட்டுல சொல்லிருக்காக. சொல்ல மாட்டேன்னாச் சொல்ல மாட்டேன். அம்புட்டுதான்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. என் வாயிலிருந்து வந்த சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது.

தங்கச்சியிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவேனோ என்று பயந்து அன்று சீக்கிரமே படுத்துவிட்டேன். ஆனால் மறுநாள் சனிக்கிழமை. ஒரு பெண் தனியாக அவ்வளவு தூரம் போகிறாள், அவளுக்கு என்னால் செய்ய முடிந்த ஒரே உதவி சீட்டு எழுதுவதுதான் என்று உண்மையாகவே நம்பினேன். அவள் பெயர், புதன்கிழமை, சாத்தூர் பஸ் ஸ்டாண்டு, எட்டரை மணி, மாமன், திருப்பூர் எல்லாவற்றையும் எழுதினேன். விவரமாக எழுதினால்தானே விவரமாகப் பாதுகாப்பார்! முக்கியமான விண்ணப்பம் என்று இரண்டு பருக்கை வைத்து ஒட்டினேன்.

புதன்கிழமை மத்தியானம் ஊரே பேசியது. அவள் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவளுடைய அப்பாவும் மாமனும் அங்கே காத்து நின்றிருந்தார்களாம். ஆட்டோவில் போட்டுக் கூட்டிவந்தார்கள். நான் அவள் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் ஆட்கள் நின்றார்கள். பக்கத்துச் சந்தில் இருந்த ஜன்னலுக்குப் போனேன். உதடு வீங்கியிருந்தது அவளுக்கு.

"நான் ஒருத்திகிட்டதான் சொன்னேன்" என்றாள். ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

நான் சத்தியமாக யாரிடமும் சொல்லவில்லை. சத்தியம் பண்ணக் கூடாது என்றாலும் இதற்குப் பண்ணலாம். வேன் டிரைவரைச் சந்தேகப்பட்டேன், திருப்பூர் அக்காவைச் சந்தேகப்பட்டேன், பின்வாசல் பக்கம் ஆடு மேய்த்த கிழவரைக்கூட விடவில்லை. சனிக்கிழமை வந்ததும் எழுதினேன்: "ஆண்டவரே, அவளைக் காட்டிக்கொடுத்தது யார்? எனக்குக் காட்டும்."

திங்கட்கிழமை காலை பதில் வந்தது. அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டபடி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"காட்டிக்கொடுக்குறது அது இதுன்னு பெரிய வார்த்தையெல்லாம் எழுதக் கூடாது புள்ள. ஒரு பொண்ணு கெட்டுப்போகாமக் காப்பாத்துறதுக்கு அந்தப் பேரு இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தோசைக்கரண்டி அப்படியே நின்றது. தோசை கருகிற்று.

"நீங்க படிச்சீகளா?"

"பெத்தவ படிக்காம வேற யாரு படிப்பா?"

"எல்லாத்தையுமா?"

"ஒனக்குக் கண்ணு தெரியலைன்னு யாரு கண்டுபிடிச்சா? வானத்துலருந்து கண்ணாடி விழுந்துச்சா? ஆண்டவரு எங்கைய வச்சுத்தான் செய்றாரு. பிள்ளைக மனசுல என்ன ஓடுதுன்னு தெரியாம எப்பிடி வளக்குறது?"

திருட்டுத்தனம் பிடிபட்டவள் முகம் அல்ல அது. நியாயம் பேசுகிறவள் முகம். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஒரு சொட்டு வெட்கம் தெரிந்திருந்தால் நான் அன்றே மன்னித்திருப்பேன்.

"அவுக அம்மாகிட்ட நீங்கதான் சொன்னீகளா?"

"தனியா பஸ் ஏறிப்போன புள்ளைக எந்த நெலமையில திரும்பி வரும்னு நான் ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன். நீ பாத்ததில்ல. பதினெட்டு முடியட்டும், அதுவரைக்கும் கல்யாணத்தத் தள்ளிப்போடுங்கன்னு நான்தான் அவுகள ஒத்துக்க வச்சேன். அதையும் தெரிஞ்சுக்கோ."

அவள் பார்த்திருக்கிறாள் என்பதை நான் நம்புகிறேன். இளவயதுக் கல்யாணம் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதும் அவள் வேலைதான். அந்தப் பெண்ணை உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம். பெரியவர்கள் யாரையாவது துணைக்கு அழைத்துப் பேசியிருக்கலாம். நர்சம்மா சொன்னால் அந்த ஊரில் தட்டமாட்டார்கள். அம்மா வாங்கிக்கொடுத்தது ஆறு மாதத் தவணை. தீபாவளி லோடு எல்லாம் போன பிறகு, வேலை ஓய்ந்த நேரத்தில் கல்யாணம் முடிந்தது. எங்கள் வீட்டுக்கும் பத்திரிகை வந்தது. அம்மா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை அப்பா அடுப்படி வாசலில் துண்டை மடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ஒங்களுக்கும் தெரியுமாப்பா?" என்று கேட்டேன். "ஒங்கம்மா எல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான்…" என்று இழுத்தார். அவர் சத்தமில்லாமல் சாப்பிட்ட அந்த ஒரு வாரம் நினைவுக்கு வந்தது. அதுவும் அம்மா ஏற்பாடு செய்ததுதான். என் புல்லரிப்பை நினைத்து எனக்கே கூசியது.

வயிறெரிந்து அழுதேன். தாய் ஏமாற்றினாள் என்பது மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கலாம். தாய்மார் பிள்ளைகளின் பைகளைத் துழாவுவது புதிதில்லை. இவள் கடவுளின் காதையே தன் காதாக வைத்துக்கொண்டு எட்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து சேர்ந்த ஒவ்வொரு பதிலையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எது அவருடையது, எது இவளுடையது? பிரிக்கவே முடியவில்லை. எல்லாமே இவளுடையது என்றால் அந்தப் பக்கம் யாராவது இருந்தாரா? அதன் பிறகு சனிக்கிழமைகளில் வெற்றுச் சீட்டை மடித்துப் போட்டேன். ஒட்டவும் இல்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள், சீட்டைப் படிப்பதில்லை என்றல்லவா சட்டம்!

இப்போது விருதுநகரில் ஆசிரியையாக இருக்கிறேன். எனக்கு ஒரு மகள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன், பழக்கமா நம்பிக்கையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மகளுக்கு வாய்விட்டு ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கண்ணை மூடி உட்கார், அது போதும் என்றிருக்கிறேன். போனில் அம்மா குறைபட்டுக்கொள்கிறாள்.

"பிள்ளைக்கு விசுவாசத்த ஊட்டாம வளக்குற. நாளைக்கு நீதான் கணக்குச் சொல்லணும்."

"ஒங்க கணக்கு முடிஞ்சிருச்சாம்மா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அப்போதும் அவளுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை.

போன வருஷம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் என் சிநேகிதியைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசியதே இல்லை. கையில் கட்டைப்பை, பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அவள் மகள். நகங்களைச் சுற்றி வெள்ளி நிறம் அப்படியே இருந்தது. என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போகவில்லை.

"நல்லாருக்கியா புள்ள?" என்றாள், நேற்றுப் பார்த்தவள் போல.

இத்தனை வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எல்லாம் நின்ற இடத்திலேயே கொட்டினேன். "நான் யாருகிட்டயும் சொல்லல புள்ள. சாமிக்குத்தான் எழுதுனேன், நீ நல்லபடியாப் போய்ச் சேரணும்னு. எங்கம்மா அதப் பிரிச்சுப் படிச்சுட்டாக. எனக்கே பெறகுதான் தெரியும். எங்கம்மா மேலதான் தப்பு."

குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். மகளைப் பஸ்ஸில் முதலில் ஏறச்சொன்னாள்.

"ஒங்கம்மாகிட்ட நான் சொல்லலயே" என்றாள். "ஒங்க சாமிகிட்டயும் சொல்லல. ஒங்கிட்டதான் சொன்னேன்."