சொல்லின் நடுவே ஒரு மூச்சு

என் தம்பி அந்தப் பாட்டைப் பாடும்போது ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்குவான். ‘மணலுக்குள்ளே மறைந்தோடும் ஆறே, எங்கள் வாசல்வரை ஒருநாள் வா’ என்பது பல்லவி. சொற்கள் என்னுடையவை, மெட்டு அவனுடையது. ‘மறைந்’ என்று வந்ததும் குரல் அறுபடும். உதடுகள் சிறிதே பிரிய, பல்லிடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுத்துக்கொள்வான். பிறகு ‘தோடும்’ என்று தொடர்வான். பாடத் தெரிந்த எவரும் அந்த இடத்தில் நிறுத்தமாட்டார்கள். வரியின் தொடக்கத்தில் நெஞ்சு நிறைய மூச்செடுத்திருந்தால் நிறுத்த வேண்டிய அவசியமும் இராது. ஆனால் நாங்கள் அந்தப் பாட்டைப் பயின்ற இடத்தில் நெஞ்சு நிறைய மூச்செடுக்க யாராலும் முடியாது.

அது ஆம்பூரில் ஒரு தோல் மண்டியின் கிடங்கு. அப்போது நான் முதுகலையிலும் அவன் இளங்கலையிலும் ஒரே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். கல்லூரி மெல்லிசைக் குழுவில் நான் ஆர்மோனியம், அவன் பாடகன். வாணியம்பாடியிலிருந்து வந்த நண்பர் ஒருவர் டோலக் வாசித்தார். கிதார் வாசித்தவன் மண்டிக்காரரின் மகன்; மைக்கும் ஒலிபெருக்கியும் அவன் வீட்டுப் பொருள்கள். விடுதிக்கு இடைஞ்சல் என்று முதல்வர் கல்லூரிக்குள் ஒத்திகையைத் தடைசெய்தபோது, தன் தந்தையின் கிடங்கை மாலைகளில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அவன்தான் சொன்னான். எங்களுக்கு அது பெரிய உபகாரமாகத் தோன்றியது.

உப்பிட்ட பச்சைத் தோல்கள் அங்கே ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து கசியும் நீர் இரத்தச் சாயலோடு தரைச்சரிவில் ஊர்ந்து வந்து வாசலருகே தேங்கும். அதன்மேல் ஈக்கள் விரித்துப் போட்டதுபோல் கிடக்கும். காலடி பட்டால் எழும், கால் நகர்ந்ததும் அதே இடத்தில் அமரும். நாற்றம் என்ற சொல் அதற்குப் போதாது. முதலில் அது மூக்கில் படும். சற்று நேரத்தில் நாக்கில் ருசியாக மாறும். பிறகு தொண்டைக்குள் இறங்கி மெல்லிய கொழுப்புப் படலம்போல் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்குப் போய்ச் சோற்றை வாயில் வைக்கும்போதும் அது அங்கேயே இருக்கும். முதல் நாள் என் தம்பி பாட்டின் பாதியில் வெளியே ஓடிச் சுவருக்குப் பின்னால் வாந்தி எடுத்தான். வாயைக் கொப்பளித்துக்கொண்டு திரும்பி வந்து, “எங்க வுட்டோம்ணா?” என்று மட்டும் கேட்டான்.

மைக்கைச் செருக உட்சுவரில் ஒரே ஒரு பிளக் இருந்தது. ஒயர் குட்டை. ஆகவே பாடுகிறவன் தோல் அடுக்குகளை ஒட்டியே நிற்க வேண்டியிருந்தது. நான் அவனருகில் கோணி விரித்து உட்கார்ந்தேன். மண்டிக்காரரின் மகன் வாசலோரம், காற்று வரும் இடத்தில் நாற்காலி போட்டுக்கொள்வான். அத்தர் தெளித்த கைக்குட்டையை முகத்தில் கட்டியிருப்பான். பேசுவதற்கு மட்டும் அதை இறக்குவான். ஈரத்தில் டோலக்கின் தோல் அடிக்கடி தொய்ந்துபோகும். காகிதத்தைக் கொளுத்தி அதற்குச் சூடு காட்டியபடியே வாணியம்பாடி நண்பர் சொல்வார்: “இவன் சொந்தக்காரனுங்கள்லாம் இங்க அடுக்கி வெச்சிக்கீறாங்க. பார்த்துட்டு டோலக்கு பேஜாரா பூடுது, இன்னா பண்றது?” வாயை அதிகம் திறக்காமலேயே நாங்கள் சிரிப்போம்.

அதே நண்பர் ஒருநாள், மைக்குக்கு நீள ஒயர் வாங்கிப் போட்டுப் பாடுகிறவனை வாசல் பக்கம் விடலாமே என்றார்; கிதாருக்கு மூச்சு எதற்கு என்றும் கேட்டார். மண்டிக்காரரின் மகன் கைக்குட்டையை இறக்கினான். “அவனுக்கு இன்னா? அவங்க அப்பாவே சுண்ணாம்புக் குழில நிக்கிறவருதான? பழக்கம்பா. எனக்குத்தான் இது ஆவாது” என்றான். மயிர் நீங்கத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில்தான் எங்கள் தந்தைக்கு வேலை. அவன் பகையோடு சொல்லவில்லை. ஒருவனுக்கு இனிப்புப் பிடிக்கும், இன்னொருவனுக்குப் பிடிக்காது என்பதுபோல் இயல்பாகச் சொன்னான். அந்த இயல்புதான் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை. தம்பி என்னைப் பார்த்து, சுருதி கொடுக்கும்படி தலையசைத்தான். ஒயர் வரவே இல்லை. எடுக்க முடிந்த மூச்சு ‘மறைந்’ வரைக்கும்தான் போதுமானதாக இருந்தது. ஆகவே அங்கே நிறுத்தக் கற்றுக்கொண்டான். பருவம் முழுவதும் அப்படியே பயின்றோம்.

வேலூரில் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் அந்தப் பாட்டைப் பாடினோம். அரங்கம் சுத்தமானது, சன்னல்கள் திறந்திருந்தன. அங்கே அவன் விரும்பிய அளவுக்கு மூச்செடுத்திருக்கலாம். ஆயினும் நெஞ்சு பழகிவிட்டிருந்தது. அதே இடத்தில் நின்று, அதே சிறு மூச்சை வாங்கிக்கொண்டு தொடர்ந்தான். நடுவர்களில் ஒருவர் எழுந்து, மணலுக்குள் ஆறு மறைவதைக் குரலிலேயே காட்டிவிட்ட நுட்பம் என்று அதைப் புகழ்ந்தார். இரண்டாம் பரிசு கிடைத்தது. திரும்பும் பேருந்தில் தம்பி என் காதருகே குனிந்து, “நாத்தத்துக்கு ப்ரைஸ் குடுத்துட்டாங்கண்ணா” என்றான். பள்ளிகொண்டா தாண்டும்வரை நாங்கள் மூவரும் சிரிப்பை அடக்கமுடியாமல் தவித்தோம். மண்டிக்காரரின் மகன் தன் மோட்டார் சைக்கிளில் போய்விட்டான். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியாது. நடுவர் சொன்னதை மட்டுமே அவன் வீட்டுக்கு எடுத்துச் சென்றான்.

நான் ஆய்வுக்காகச் சென்னைக்குப் போய், பேராசிரியனாகி, பல ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் தந்தையால் வேலைக்குப் போக முடியாமற்போன ஆண்டில், தம்பி, மண்டிக்காரரின் மகன் புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலையில் சேர்ந்தான். தோலுக்கு நிறமும் மெருகும் தெளிக்கும் ஃபினிஷிங் செக்‌ஷன். அங்கே நாற்றம் கிடையாது, இனிப்பாக ஒரு வாசனை வரும் என்பான். அங்கேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றான். மணம் முடித்தான், ஒரு மகன் பிறந்தான். கடைசி ஆண்டுகளில் அவன் பேச்சு சொல்லுக்கு நடுவில் அறுபடத் தொடங்கியது. ‘தண்’ என்பான், காத்திருக்க வேண்டும், பிறகு ‘ணி’ வரும். மருத்துவர்கள் நுரையீரலின் நிலையைச் சொன்னார்கள். காரணத்தைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மருத்துவமனையில் ஒரு மாலை, ஆக்சிஜன் முகமூடியைச் சற்று விலக்கிவிட்டு, “அந்தப் பாட்டு இப்பதான்ணா எனக்கு அளவா இருக்குது” என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை முறை மூச்சு வாங்கினான் என்பதை நான் எழுதப்போவதில்லை. சென்ற மழைக்காலத்தில் அவன் போய்விட்டான்.

மண்டிக்காரரின் மகனை இப்போது ஊரே முதலாளி என்று அழைக்கிறது. தொழிற்சாலையோடு ஒரு கல்லூரியும் நடத்துகிறார். அதன் ஆண்டு விழாவில் மாணவர் இசைக்குழு என் தம்பியின் பாட்டைப் பாடி அஞ்சலி செலுத்தும், ஒத்திகைக்கு நான் வரவேண்டும் என்று அவரே தொலைபேசியில் அழைத்தார். அன்று வேலூர்ப் போட்டியில் பதிவான கேசட்டை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தாராம். புறப்படுமுன் தம்பியின் மனைவி என்னிடம் சொன்னாள்: “மனசுல எதையாச்சும் வெச்சிக்கினு அங்க பேசிடாதீங்க மாமா. பையன் அவங்க கம்பெனிலதான் வேலை பாக்குறான். அத மட்டும் நெனச்சிக்குங்க.” பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவளும் என்னோடு வந்தாள்.

குளிரூட்டிய அரங்கம். மேடைக்குப் பின்னால் தம்பியின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பேனர் கட்டியிருந்தார்கள். முதலாளி உள்ளே வருமுன் ஒரு பணியாள் வரிசை வரிசையாக நடந்து, குப்பியிலிருந்து செயற்கை மல்லிகை மணத்தைப் பீய்ச்சிக்கொண்டே போனார். தம்பியின் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். பாடவிருந்தவள் ஒடுகத்தூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்து படிக்கும் மாணவி. நல்ல குரல். கேசட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாள். ‘மறைந்’ என்று வந்தாள்; நிறுத்தினாள்; பல்லிடுக்கு வழியாக என் தம்பியின் மூச்சை அப்படியே இழுத்தாள்.

முதலாளி கையை உயர்த்தி நிறுத்தினார். “அங்க இன்னும் கொஞ்சம் மூச்சு கேக்கணும்மா. மைக்குல நல்லா விழணும். ஆறு மறையுது இல்ல, அந்த இடத்துல குரலும் மறையுது பாரு. அதான் அவன் ஸ்டைலு” என்றார். அவள் மறுபடி பாடினாள். போதவில்லை. மறுபடியும். ஒலிபெருக்கி அந்த மூச்சைப் பெரிதாக்கி அரங்கம் முழுவதும் பரப்பியது. கடைசி வாரங்களில் கட்டிலருகே உட்கார்ந்து நான் கேட்ட அதே ஓசை. ஒரு பெண்ணிடம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இன்னும் சற்றுக் கூட்டு, சற்றுக் குறை என்று பதம் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்திருந்தால் அடக்கிக்கொண்டிருப்பேன். அது எனக்குத் தெரிந்த வேலை. வந்தது அருவருப்பு. பச்சைத் தோலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த காலத்தில்கூட எனக்கு அது வந்ததில்லை.

கொடுத்த வாக்கை மீறாமல் சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன்: அந்த இடத்தில் நிறுத்தத் தேவையில்லை, வரியை ஒரே மூச்சில் பாடலாம். பெண்ணின் முகம் தெளிந்தது. “நானும் அப்டிதான் சார் நெனச்சேன். அப்போ அவரு ஏன் நிறுத்துனாரு?” என்று கேட்டாள். முதலாளி புன்னகையோடு என் பதிலுக்குக் காத்திருந்தார்.

பதில் பின்வரிசையிலிருந்து வந்தது. “நாத்தம் தாங்காமதாம்மா.” தம்பியின் மனைவி எழுந்து நின்றிருந்தாள். “இவங்க மண்டிலதான் நிக்க வெச்சிப் பாடச் சொன்னாங்க. இழுத்து மூச்சு வுட முடியல. அவ்ளோதான் ஸ்டைலு. அப்பறம் இவங்க கம்பெனில நின்னாரு. கடைசில இழுக்க மூச்சே இல்ல.”

மாணவர்கள் தலை குனிந்தார்கள். முதலாளி சினப்படுவார் என்று நினைத்தேன். சினப்பட்டிருந்தால் அவர்மேல் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். அவர் கண்கள் கலங்கின. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அம்மா, இத நீங்க மேடையிலயே சொல்லணும். எவ்ளோ பெரிய விஷயம் இது. அந்த நாத்தத்துல நாங்கல்லாம் ஒண்ணா நின்னு பாட்டுக் கத்துக்கிட்டோம். இந்தக் காலத்துப் பசங்களுக்கு இது தெரியணும்” என்றார். பிறகு அருகிலிருந்த மேலாளரிடம் திரும்பி, தன் உரையில் அதைச் சேர்க்கச் சொன்னார். அவள் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘நாங்கல்லாம்’ என்ற சொல் மட்டும் மல்லிகை மணத்தோடு அந்த அரங்கில் மிதந்துகொண்டிருந்தது.

பாட்டின் சொற்கள் என்னுடையவை, அவற்றை இந்த விழாவில் பாட நான் இசையவில்லை என்று சொன்னேன். “பேனரெல்லாம் அடிச்சாச்சே ப்ரொஃபசர்” என்றார். தம்பியின் படத்தையும் கழற்றிவிடும்படி கேட்டுக்கொண்டு நாங்கள் வெளியேறினோம். பேருந்து நிறுத்தத்தில் அவள், “பையன்கிட்ட நானே சொல்லிக்கிறேன் மாமா” என்றாள்.

விழா நடந்த நாளன்று மாலை நான் தம்பியின் வீட்டில் இருந்தேன். முதலாளி அழைத்தபிறகு போகாமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுத் தம்பி மகன் விழாவுக்குப் போயிருந்தான். முதலாளி என் கைப்பேசிக்கு ஒரு காணொளி அனுப்பினார். தம்பியின் மனைவியும் நானும் அதைப் பார்த்தோம். பேனர் அப்படியே இருந்தது. ஒடுகத்தூர்ப் பெண்ணைக் காணவில்லை. வேறொரு மாணவன் பாடினான். ‘மறைந்’ என்ற இடத்தில் அவன் வாங்கிய மூச்சுக்குக் கூட்டம் கைதட்டியது. அதன்பின் முதலாளி மண்டியைப் பற்றிப் பேசினார், நாங்கல்லாம் என்றார். இறுதியில் தம்பி மகனை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தி, அப்பா நின்ற அதே ஃபினிஷிங் செக்‌ஷனுக்கு இனி இவன்தான் சூப்பர்வைசர் என்று அறிவித்தார். அவள் முழுவதையும் பார்த்தாள். கைப்பேசியை என் பக்கம் மெதுவாக நகர்த்திவைத்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. மகன் மடித்த சால்வையோடு படியில் கால் வைத்தான். தாயின் முகத்தைப் பார்த்ததும், “எல்லார் முன்னாடியும் கூப்ட்டு போட்டுட்டாங்க. நான் இன்னாம்மா பண்றது?” என்றான்.

அவள் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சாவு வீட்டுக்குப் போய் வந்தவனிடம் சொல்வதுபோல், குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “அத வெளியவே வெச்சிடு. பின்பக்கம் போயி தலைக்கு ஊத்திக்கினு உள்ள வா.”

அவன் சால்வையை மதில்மேல் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு போனான். வாளியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. அவள் எழுந்து, கொடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.